எஸ். தனபால்

எஸ். தனபால் (1919–2000) சென்னையைச் சேர்ந்த சிற்பி, ஓவியர், கலையாசிரியர். சென்ட்ரல் பக்கம் தொடங்கி கீழ்ப்பாக்கம், அமைந்தகரை, மதுரவாயல் வழியாகப் பூந்தமல்லியை நோக்கிப் போகும் நெடுஞ்சாலையில், பெரியமேட்டை அடுத்து இருக்கிறது அரசு கவின் கலைக் கல்லூரி. அங்கே மாணவராகச் சேர்ந்து, ஆசிரியராகி, முதல்வராகி, பணியின் முடிவுவரை அங்கேயே இருந்தவர் தனபால். தமிழ்நாட்டு நவீனச் சிற்பக்கலையின் தொடக்கத்தைத் தேடுகிறவர்கள் அவருடைய வகுப்பறைக்குத்தான் வந்து சேர வேண்டும்.

இளமையும் கல்வியும்

1919 மார்ச் 3 அன்று மயிலாப்பூரில் பிறந்தார். அவர் 1930களின் நடுவில் சேர்ந்த கலைத் தொழில் பள்ளி (பின்னாளில் அரசு கவின் கலைக் கல்லூரி ஆனது இதுவே), அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850இல் தொடங்கியது. மரவேலை, உலோகவேலை, மண்பாண்டம் முதலிய கைத்தொழில்களை வளர்ப்பதே அதன் முதல் நோக்கம். அந்தப் பள்ளியை ஓவியத்துக்கும் சிற்பத்துக்குமான இடமாக மாற்றியவர் வங்காளத்தின் ரங்பூரிலிருந்து வந்த தேவி பிரசாத் ராய் சவுத்ரி. பள்ளியின் முதல் இந்தியத் தலைவரான அவர் 1957 வரை பொறுப்பில் இருந்தார். மெரினாவில் உழைப்பாளர் சிலையைச் செய்தவரும் அவரே.

தனபால் அவரிடம் ஓவியம் பயின்றார். நடனமும் முறையாகக் கற்றுக்கொண்டவர். கால் எங்கே ஊன்றுகிறது, இடுப்பு எங்கே ஒடிகிறது, எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைத் தன் உடம்பிலேயே அறிந்த ஒருவர் களிமண்ணின் பக்கம் திரும்பியது இயல்பானதென்றே சொல்ல வேண்டும்.

ஆசிரியப் பணி

1940களின் தொடக்கத்தில் அதே பள்ளியில் ஆசிரியரானார். ராய் சவுத்ரிக்குப் பின் 1957இல் கே. சி. எஸ். பணிக்கர் பொறுப்பேற்றபோது பள்ளியின் போக்கு மாறத் தொடங்கியது. ஐரோப்பிய முறையைப் பழகிய கை, நம் கோயில், நாட்டார் மரபுகளிலிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம் என்ற கேள்வி எழுந்தது. பணிக்கர் அதை ஓவியத்தில் முன்னெடுத்தார், தனபால் சிற்பத் துறையை ஏற்று நடத்தினார். 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானபோது அதன் நிறுவன உறுப்பினர்களில் ஒருவராகவும் இருந்தார். 1972 முதல் 1977 வரை கல்லூரி முதல்வர்.

அவரிடம் பயின்றவர்களைப் பார்த்தாலே ஆசிரியரின் தரம் விளங்கும். பி. வி. ஜானகிராம் செப்புத் தகட்டைத் தட்டி, கம்பிகளை வைத்துப் பற்றவைத்து, முன்பக்கம் மட்டும் பார்க்கத்தக்க சிற்பங்களைச் செய்தார். உற்சவ மூர்த்திகளின் கவசங்களை நினைவூட்டுபவை அவை. சி. தட்சிணாமூர்த்தி கருங்கல்லில் பெண் உருவங்களைச் செதுக்கினார், பின்னாளில் அவரும் அதே கல்லூரியில் ஆசிரியரானார். கானாயி குஞ்ஞிராமன் இங்கிருந்து லண்டனுக்குச் சென்று படித்துத் திரும்பி, கேரளத்தின் மலம்புழாவில் பெரும் யட்சி சிலையை எழுப்பினார். தகடு, கல், சிமெண்ட் என மூவரும் மூன்று திசையில் போனவர்கள். ஒருவர் சாயலும் மற்றவரிடம் இல்லை, ஆசிரியரின் சாயலும் இல்லை. தன் பாணியை மாணவர்மேல் திணிக்காத ஆசிரியருக்கு மட்டுமே இது வாய்க்கும்.

படைப்புகள்

ராய் சவுத்ரியின் உருவங்களில் தசை திரண்டிருக்கும், நரம்பு புடைத்திருக்கும். தனபால் அந்தத் திறனைக் கற்றுக்கொண்டு, பின்பு அதிலிருந்து விலகிவந்தார். அவருடைய ஔவையார் சிற்பத்தில் வயதும் மெலிவும் நெடிய கோடுகளாகச் சுருங்கிவிடுகின்றன, விவரங்கள் குறையக் குறைய உருவம் வலுப்பெறுகிறது. கிறிஸ்துவையும் தாய்–சேய் உருவங்களையும் மீண்டும் மீண்டும் செய்தார். துயரத்தை முகபாவத்தில் காட்டாமல் உடல் நிற்கும் விதத்தில் காட்டியது அவருடைய பெரிய சாதனை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

தலைச்சிற்பங்களிலும் அவர் தேர்ந்தவர். இந்த வேலை பொறுமை கேட்பது. கம்பிச் சட்டத்தின்மேல் களிமண்ணை அப்பி முகத்தை எழுப்ப வேண்டும். அதன்மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றி அச்சு எடுக்க வேண்டும். களிமண்ணை நீக்கியபின், அச்சுக்குள் பிளாஸ்டரோ சிமெண்டோ நிரப்பலாம், வெண்கலமாகவும் வார்க்கலாம். எதிரே அமர்ந்திருப்பவரின் குணம் முதல் கட்டத்திலேயே களிமண்ணில் வந்துவிட வேண்டும். அதில் தவறியதைப் பின்னால் எந்த உலோகமும் ஈடுசெய்யாது. பெரியாரை எதிரே அமரவைத்து தனபால் வடித்த தலைச்சிற்பத்தில் தாடி, நெற்றி, கண்ணிமை மூன்றும் சேர்ந்து அந்த மனிதரின் பிடிவாதத்தைக் கொண்டுவந்துவிட்டன. கல்லூரி இருக்கும் சாலைக்குப் பின்னாளில் பெரியார் ஈ. வெ. ரா. சாலை என்று பெயர் வந்தது.

லலித் கலா அகாதெமியின் தேசிய விருது 1962இல் அவருக்குக் கிடைத்தது.

இறுதிக்காலம்

தனபால் 2000ஆம் ஆண்டில் மறைந்தார். ராய் சவுத்ரியின் சிலைகள் கடற்கரையில் நிற்பதால் அவற்றை ஊரே அறியும். தனபாலின் முக்கியப் படைப்புகள் அளவில் சிறியவை. காட்சியகத்துக்குள் சென்று, சுற்றிவந்து, நின்று பார்க்க வேண்டியவை. அதனால்தான் அவர் பெயர் கலைஞர்களிடையே நிலைத்த அளவுக்குப் பொதுமக்களிடம் பரவவில்லை. தமது வாழ்க்கையைத் தமிழிலேயே சொல்லியிருக்கிறார், ‘ஒரு சிற்பியின் சுயசரிதை’ என்பது அந்நூலின் பெயர். சிற்பம் பயில்கிறவர்களும் பயிற்றுவிக்கிறவர்களும் அதை அவசியம் படிக்க வேண்டும்.