"இண்டைக்கு லீஃப்ஸ் எதிலை போகுது?"

ஸ்காபரோவில் எங்கள் ஆட்கள் கூடும் டோனட் கடையில், அக்டோபர் பிறந்தால் இந்தக் கேள்வி தொடங்கிவிடும். ஏப்ரல் வரை ஓயாது. ஸ்டான்லி கிண்ணப் போட்டிகள் ஜூன் வரை நடந்தாலும் ரொறொன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் அணி அதுவரை தாக்குப்பிடிப்பது அபூர்வம் என்பதால் ஏப்ரல் என்கிறேன். கடைசியாக அவர்கள் கிண்ணம் வென்றது 1967இல்.

"சனிக்கிழமை எண்டால் சீபீசீ."

"இண்டைக்குப் புதன் அண்ணை."

"அப்ப ஸ்போர்ட்ஸ்நெட். இல்லாட்டி ரீஎஸ்என். போனைப் பாரும் தம்பி."

திங்கட்கிழமை என்றால் இன்னொரு சிக்கல். 2024இல் இருந்து திங்கள் இரவு ஆட்டங்கள் அமேசான் பிரைமுக்குப் போய்விட்டன. ஓர் அணியின் ஒரு பருவத்தை முழுதாகப் பார்க்க நாளுக்கொரு வாசலில் காசு கட்டி நிற்க வேண்டியிருக்கிறது. இப்போதுதான் இப்படி என்று இளசுகள் அலுத்துக்கொள்கிறார்கள். அது சரியல்ல. ஹொக்கி ஒலிபரப்பின் நூறு வருடக் கதையே, யாருக்கு எதை எவ்வளவு காட்டலாம் என்று வேறு யாரோ தீர்மானித்த கதைதான்.

1923 பெப்ரவரி 8ஆம் திகதி, ரொறொன்ரோ மியூச்சுவல் தெரு அரங்கில் வடக்கு ரொறொன்ரோவும் மிட்லண்ட் ஊரும் ஆடின. 'ரொறொன்ரோ டெய்லி ஸ்டார்' பத்திரிகைக்குச் சொந்தமாக ஒரு வானொலி நிலையம் இருந்தது. அதன் ஆளான நோர்மன் அல்பேர்ட் மூன்றாவது கட்டத்தை மட்டும் வர்ணித்தார். வானொலியில் ஹொக்கி முதன்முதலாக ஒலித்தது அன்றுதான். அல்பேர்ட்டை இன்று யாரும் நினைப்பதில்லை. சில நாட்களில் அதே வேலைக்கு அனுப்பப்பட்ட இருபது வயதுப் பையன் ஃபொஸ்டர் ஹியூவிற் எல்லாப் பெயரையும் தட்டிக்கொண்டு போனார். அவருடைய தகப்பன் அதே பத்திரிகையின் விளையாட்டுப் பகுதி ஆசிரியர். கண்ணாடி அடைத்த சின்னப் பெட்டிக்குள் இருந்து, தொலைபேசியைக் கையில் பிடித்து அவர் பேசினார். மூச்சுக்காற்றில் கண்ணாடி புகைந்து பனித்தளம் மறைந்துவிடுமாம். துடைத்துத் துடைத்துப் பேசினார்.

ஹியூவிற்றைப் பெரிய ஆளாக்கியவர் கொன் ஸ்மைத். லீஃப்ஸ் அணியின் முதலாளியான அவர், நாடே வேலையில்லாமல் கிடந்த 1931இல், ஆறு மாதத்துக்குள் மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் என்ற அரங்கைக் கட்டி முடித்தார். அந்த வருடம் நவம்பர் 12ஆம் திகதி திறந்தார்கள். முதல் ஆட்டத்திலேயே சிகாகோவிடம் 2-1 என்று தோற்றார்கள். ஆட்டங்களை வானொலியில் கொடுத்தால் சனம் அரங்குக்கு வராது என்று மற்ற முதலாளிகள் நடுங்கிக்கொண்டிருந்த காலம் அது. கேட்டவன் பார்க்க வருவான் என்பது ஸ்மைத்தின் கணக்கு. விளம்பர உரிமையை ஜாக் மக்லாரன் என்ற விளம்பரக்காரரிடம் கைகுலுக்கிக் கொடுத்தார். முதலில் ஜெனரல் மோட்டர்ஸ் கார்க் கம்பனி காசு போட்டது, பிறகு இம்பீரியல் ஒயில். இன்றைக்கும் ஆட்டம் முடிந்ததும் மூன்று 'நட்சத்திர' வீரர்களை அறிவிக்கிறார்களே, அது அந்த எண்ணெய்க் கம்பனி தன் 'திரீ ஸ்டார்' பெற்றோலை விற்கக் கொண்டுவந்த ஏற்பாடு. பெற்றோல் போய்விட்டது, நட்சத்திரங்கள் நிலைத்துவிட்டன.

கார்டன்ஸ் கட்டும்போது வர்ணனையாளர் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்ற கேள்வி வந்தது. ஹியூவிற் ஈட்டன்ஸ் கம்பனிக் கட்டடம் ஒன்றில் மாடி மாடியாக ஏறி, யன்னலால் தெருவில் போகும் ஆட்களைப் பார்த்தாராம். ஐந்தாவது மாடியில் ஆட்களை அடையாளமும் காணலாம், தெரு முழுவதையும் ஒரே பார்வையில் பிடிக்கவும் செய்யலாம். அந்தக் கணக்கில் பனித்தளத்துக்கு மேலே 56 அடியில், கூரையோடு தொங்கும் கூண்டு ஒன்றைச் செய்தார்கள். 'கொண்டோலா' என்று அதற்குப் பெயர். ஒடுக்கமான நடைபாலம் ஒன்றால் அதற்குப் போக வேண்டும். அங்கிருந்து ஹியூவிற்றின் கீச்சுக் குரல் 1933 தொடக்கம் நாடு முழுவதும் போனது. அதே வருடம் ஏப்ரல் 3ஆம் திகதி பொஸ்டன் அணியோடு நடந்த ஆட்டம் முடிவில்லாமல் இழுபட்டு, ஆறாவது மேலதிகக் கட்டத்தில், இரவு இரண்டு மணியை நெருங்கும்போது கென் டொரற்றி போட்ட ஒரே கோலோடு முடிந்தது. அத்தனை நேரமும் வர்ணனை அந்தக் கூண்டிலிருந்துதான்.

அந்தக் குரல் என்ன செய்தது என்று எனக்குப் புத்தகத்தால் விளங்கவில்லை. நான் 1990இல் இங்கே வந்தவன். யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு ஐஸ் என்றால் ஐஸ்பழம்தான். யங் தெருவில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன். தலைமைச் சமையல்காரர் நியூஃபவுண்லாந்துக்காரர், அறுபதை எட்டிக்கொண்டிருந்த மனிதர். குளிர்பெட்டிக்கு மேலே ஒரு பழைய வானொலி வைத்திருந்தார். குமிழில் வேறு யாரும் கை வைக்கக் கூடாது. லீஃப்ஸ் ஆட்டம் இருந்தால் அடுப்படியில் வேறு சத்தம் இல்லை.

அவர் சொன்னது இது. ஹியூவிற் ஒலிபரப்பைத் தொடங்கும்போது கனடாவுக்கு வணக்கம் சொல்லி, பிறகு அமெரிக்காவிலும் நியூஃபவுண்லாந்திலும் உள்ள ஹொக்கி ரசிகர்களுக்கும் வணக்கம் சொல்லுவார். 1949 மார்ச் கடைசி நாள் வரை நியூஃபவுண்லாந்து கனடாவோடு சேரவில்லை, அது தனி. "நாங்கள் வேறு நாடு. ஆனாலும் அந்த மனுசன் எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான்" என்பார். மீன்பிடிக் குடா ஒன்றில், பற்றரி வானொலிக்கு முன்னால் தகப்பனோடு குந்தியிருந்து கேட்ட கதையை எத்தனையோ தரம் சொல்லியிருப்பார். கனடாவை ஒரு நாடாகத் தைத்தது ரயில் பாதை என்று பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார்கள். அந்தச் சமையல்காரரைக் கேட்டால் சனிக்கிழமை இரவு என்பார். நான் அவர் பக்கம்.

எனக்கு அந்த வானொலி அந்நியமாக இருக்கவில்லை. காணாத மைதானத்தைக் காதால் கட்டிக்கொள்ள இலங்கை வானொலியின் கிரிக்கெட் வர்ணனை ஏற்கெனவே பழக்கியிருந்தது. லீஃப்ஸ் வீரர் டக் கில்மரின் முகத்தைப் பார்க்கும் முன்பே, அவர் எந்த மூலையால் பக்கைக் கொண்டு வருவார் என்று வர்ணனையாளர் ஜோ போவனின் குரலால் எனக்குத் தெரியும். பக் என்பது கறுப்பு ரப்பர் வட்டு, உள்ளங்கை அகலம்தான். தொலைக்காட்சியில் அது எங்கே போகிறது என்று புதிதாகப் பார்ப்பவருக்குத் தெரியாது. ஃபொக்ஸ் தொலைக்காட்சி 1996இல் பக்குக்குள் மின்னணுக் கருவி வைத்து, திரையில் அதைச் சுற்றி நீல ஒளிவட்டம் போட்டுக் காட்டியது. கனடாக்காரர் சிரித்தார்கள். இரண்டு வருடத்தில் அதைக் கைவிட்டார்கள். வானொலியில் அந்தப் பிரச்சினையே இல்லை, பக் எப்போதும் வர்ணனையாளரின் வாயில் இருக்கும்.

1993 மே 27. ஸ்டான்லி கிண்ணச் சுற்றில் லொஸ் ஏஞ்சலிஸ் அணியோடு, அவர்கள் ஊரில் ஆறாவது ஆட்டம், இங்கே நள்ளிரவு தாண்டிவிட்டது. மேலதிக நேரத்தில் வெய்ன் கிரெட்ஸ்கியின் மட்டை கில்மரின் நாடியில் பட்டு இரத்தம் வந்தது, நடுவர் தண்டனை கொடுக்கவில்லை. சற்று நேரத்தில் அதே கிரெட்ஸ்கி கோல் போட்டார். சமையல்காரர் வானொலியை நிறுத்தினார், ஒரு சட்டியை எடுத்து சிங்குக்குள் போட்டார், வீட்டுக்குப் போய்விட்டார். மிச்சத்தை நாங்கள் கழுவினோம்.

தொலைக்காட்சிக்கு வருவோம். 1952 அக்டோபர் 11ஆம் திகதி மொன்றியல் ஃபோரம் அரங்கிலிருந்து பிரெஞ்சு மொழியில் முதல் ஒளிபரப்பு நடந்தது. வர்ணித்தவர் ரெனே லெக்கவாலியே. போர்க்காலத்தில் வட ஆபிரிக்காவிலிருந்து வானொலிக்குச் செய்தி அனுப்பியவர். ஆங்கில ஒளிபரப்பு நவம்பர் 1ஆம் திகதி ரொறொன்ரோவில் தொடங்கியது. தொடங்கியது என்றால், ஆட்டம் பாதியில் இருக்கும்போது. முதல் கட்டத்தை வீட்டில் பார்க்கக் கிடைத்தால் யார் ரிக்கற் வாங்குவான் என்ற பழைய பயம் மறுபடி வந்திருந்தது. வானொலியில் துணிந்த ஸ்மைத்தே படத்துக்குப் பயந்தார். 1968 வரை வழமையான பருவத்து ஆட்டங்களை முழுதாகக் காட்டவில்லை. பதினைந்து வருடத்துக்கு மேல் ஒரு நாடு ஒவ்வொரு சனிக்கிழமையும் கதையின் நடுவிலிருந்து பார்க்கத் தொடங்கியது. யாரும் கலகம் செய்யவில்லை.

ஒருவர் செய்தார். அந்தக் கதையை நான் படித்தபோது நெடுநேரம் தூக்கம் வரவில்லை.

பிரையன் ஸ்பென்சர் என்ற இருபத்தொரு வயதுப் பொடியன் லீஃப்ஸ் அணிக்கு ஏற்றம் பெற்றிருந்தான். 1970 டிசம்பர் 12, சனிக்கிழமை, ரொறொன்ரோவில் சிகாகோவுடன் ஆட்டம். இடைவேளையில் அவனைத் தொலைக்காட்சியில் பேட்டி காண்பார்கள் என்று முடிவாயிற்று. பிரிட்டிஷ் கொலம்பியாவின் வடக்கே, ஃபோர்ட் செயின்ற் ஜேம்ஸ் என்ற சின்ன ஊரில் இருந்த தகப்பன் ரோய் ஸ்பென்சருக்குச் செய்தி போனது. மகனுக்கு விளையாட்டைப் பழக்கியவர் அவர். ஆனால் அந்தப் பருவத்தில்தான் வன்கூவர் நகரத்துக்குத் தேசிய ஹொக்கி லீக்கில் ஓர் அணி கிடைத்திருந்தது. அதனால் மேற்கில் உள்ளவர்களுக்கு ரொறொன்ரோ ஆட்டத்துக்குப் பதில் வன்கூவர், கலிபோர்னியா ஆட்டத்தைக் காட்டினார்கள். ரோய் துவக்கை எடுத்துக்கொண்டு, பனி இரவில் நூறு கிலோமீற்றருக்கு மேல் காரோட்டி, பிரின்ஸ் ஜோர்ஜ் நகரத் தொலைக்காட்சி நிலையத்துக்குப் போனார். அங்கிருந்தவர்களைத் துவக்கு முனையில் நிறுத்தி, லீஃப்ஸ் ஆட்டத்தைப் போடச் சொன்னார். நிலையம் ஒளிபரப்பையே நிறுத்தியது. வெளியே வந்தவரைப் பொலிஸ் சுட்டது. அவர் இறந்துபோனார். மகன் ரொறொன்ரோவில் பேட்டி கொடுத்துவிட்டு ஆடினான், அணி வென்றது, செய்தி பிறகு வந்தது.

செய்தது குற்றம், அதில் பேச்சில்லை. ஆனால் எந்த ஊர்க்காரன் எந்த ஆட்டத்தைப் பார்க்கலாம் என்று வரைபடத்தில் ஒருவர் கோடு கிழிக்கிறார், அந்தக் கோட்டின் மறுபக்கத்தில் ஒரு தகப்பன் இருக்கிறான். இன்றைக்கும் லீக் ஒவ்வோர் அணிக்கும் எல்லை வகுத்து வைத்திருக்கிறது. வேறு மாகாணத்துக்குக் குடிபோன லீஃப்ஸ் ரசிகனுக்குப் பல இரவுகளில் திரை மறிக்கப்படும். விலக்கு வேண்டுமானால் தனிச் சந்தா.

1972 செப்டெம்பர் 28இல் மொஸ்கோவில் சோவியத் அணிக்கு எதிராக, ஆட்டம் முடிய 34 செக்கன் இருக்க, போல் ஹென்டர்சன் கோல் போட்டபோது வர்ணித்ததும் ஓய்விலிருந்து திரும்பி வந்த ஹியூவிற்தான். அப்படிப்பட்டவரின் கொண்டோலாவை 1979இல் கார்டன்ஸின் முதலாளியாக இருந்த ஹரோல்ட் பலார்ட் கழற்றி எரியுலைக்குள் போடச் செய்தார். ஓர் அருங்காட்சியகம் தலையில் வைத்துக் கொண்டாடியிருக்கும். இந்த நகரத்துக்குப் பழையதை வைத்திருக்கத் தெரியாது என்று நான் சொன்னால் என் பிள்ளைகள் கோபிப்பார்கள். கார்டன்ஸில் லீஃப்ஸ் ஆடிய கடைசி ஆட்டம் 1999 பெப்ரவரி 13ஆம் திகதி, அதுவும் சிகாகோவோடு, அதிலும் தோல்வி. இப்போது கீழ்த்தளத்தில் லோப்லாஸ் மளிகைக் கடை. பனித்தளத்தின் நடுப்புள்ளி இருந்த இடத்தில், அலுமாரிகளுக்கு இடையே தரையில் ஒரு சிவப்புப் பொட்டு இட்டிருக்கிறார்கள்.

காசு பெரிதான கதையை விரைவாகச் சொல்கிறேன், அதில் சுவை குறைவு. 1984இல் ரீஎஸ்என் என்ற விளையாட்டு அலைவரிசை வந்தது. 2013 நவம்பரில் ரொஜர்ஸ் தொலைத்தொடர்புக் கம்பனி பன்னிரண்டு வருடத்துக்கு 520 கோடி டொலர் கொடுத்துக் கனடாவின் தேசிய ஒளிபரப்பு உரிமை முழுவதையும் வாங்கியது. சீபீசீயின் சனிக்கிழமை நிகழ்ச்சி பெயரளவில் மிஞ்சியது. 2025 ஏப்ரலில் அடுத்த பன்னிரண்டு வருடத்துக்கு 1,100 கோடி என்று ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. அந்தக் காசு வானத்திலிருந்து விழாது. டோனட் கடையில் இருக்கும் எங்கள் தலையில்தான் விழும்.

இதற்குள் நல்லதும் நடந்தது. 2008இல் சீபீசீ பஞ்சாபி மொழியில் ஹொக்கி வர்ணனையைத் தொடங்கியது. ஆல்பேர்ட்டாவின் புரூக்ஸ் ஊரில் வளர்ந்த ஹர்நாராயண் சிங், அதற்காக வார இறுதிகளில் கல்கரியிலிருந்து ரொறொன்ரோவுக்கு விமானத்தில் வந்து போனார். 2016 மே 30ஆம் திகதி இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் பிற்ஸ்பர்க் வீரர் நிக் பொனினோ வெற்றிக் கோல் போட்டபோது, சிங் அந்தப் பெயரை மூச்சு முட்டத் திரும்பத் திரும்பக் கூவினார். அந்த ஒலிப்பதிவு உலகம் சுற்றியது. கிண்ணத்தை வென்ற அணி தன் வெற்றிக் கூட்டத்துக்கு அந்தப் பஞ்சாபிக் குழுவை அழைத்தது. 2019இல் கிரீ மொழியிலும் ஓர் ஆட்டம் ஒளிபரப்பானது. அதே வருடம் நவம்பரில், பல தசாப்தமாகச் சனிக்கிழமை இடைவேளையை ஆண்ட டொன் செரி, குடியேறியவர்கள் போர்வீரர் நினைவாகப் பொப்பிப் பூ அணிவதில்லை என்று வைதார். ஸ்போர்ட்ஸ்நெட் அவரை நீக்கியது. எங்கள் கடையில் அவருக்கும் ரசிகர்கள் இருந்தார்கள், அவருடைய பூப்போட்ட கோட்டுகளுக்காக. நீக்கியது சரி என்பதே என் தீர்ப்பு. வேறு நாட்டவரையும் பெயர் சொல்லி அழைத்த ஒலிபரப்பு இது. அதில் 'நீங்கள்' என்று விரல் நீட்டுபவருக்கு இடமில்லை.

ஜோ போவன் 1982இல் தொடங்கி, 2025-26 பருவத்தோடு ஓய்வு பெறுவதாக அறிவித்தார். அவர் பேசிய ஊடகம் இன்னும் சந்தா கேட்பதில்லை. ரொறொன்ரோவில் லீஃப்ஸ் ஆட்டங்களை 590, 1050 என்ற இரண்டு ஏ.எம். நிலையங்களும் மாறி மாறித் தருகின்றன. பிள்ளைகளைப் பயிற்சிக்கோ ரியூசனுக்கோ காரில் ஏற்றிக்கொண்டு போகும் இரவில் போனை வாங்கி வைத்துவிட்டு, ஒரு கட்டத்தையாவது வானொலியில் கேட்க விடுங்கள். ஒரு சதமும் செலவில்லை.