காணும் கண்களும் காணாத களங்களும்: பாடசாலை வீரர் தெரிவு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

விளையாட்டின் வரலாறு பெரும்பாலும் வென்றோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கிண்ணம் யாரிடம் சென்றது, கோல்கள் எத்தனை, அணித் தலைவர் யார் என்பனவே ஏடுகளில் எஞ்சுகின்றன. ஆயின் புகழ்பெற்ற ஒவ்வொரு வீரருக்கும் முன்னால் அவரைக் கண்டுகொண்ட ஒருவர் இருந்திருக்கின்றார். பாடசாலை முற்றத்தில் மாலை வேளையிற் பந்தெறியும் பிள்ளையை நின்று நோக்கி, இப்பிள்ளை இதனிலும் பெரிய களத்துக்கு உரியது என முதலில் எண்ணியவர் அவர். அம்முதற் பார்வை எங்கிருந்து வந்தது, யாரைத் தேடியது, யாரைத் தவறவிட்டது என்பவற்றை ஆராய்வது சமூக வரலாற்றின் ஒரு கூறேயாகும். கூடைப்பந்தாட்டத்தையும் அதன் கிளையான வலைப்பந்தாட்டத்தையும் முன்னிறுத்தி, இலங்கைத் தமிழர் மத்தியில் இவ்வரலாறு அமைந்தவாற்றை நோக்குவதே இக்கட்டுரையின் பொருளாகும்.

கூடைப்பந்தாட்டம் தான் பிறந்த காலத்தையும் இடத்தையும் திட்டமாகக் கூறக்கூடிய ஆட்டங்களுள் ஒன்று. 1891ஆம் ஆண்டு டிசெம்பரில், அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்பீல்ட் நகரில், வை.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரியின் ஆசிரியரான ஜேம்ஸ் நெய்ஸ்மித் இதனை வகுத்தார். பனிக்காலத்தில் வெளியிற் செல்ல முடியாத மாணவருக்கு உள்ளரங்கில் ஓர் ஆட்டம் தேவைப்பட்டது. பழக்கூடைகள் இரண்டும் 13 விதிகளும் ஒரு பந்துமே அதன் முதலீடு. சில ஆண்டுகளுள் இவ்வாட்டம் இங்கிலாந்தின் பெண்கள் கல்லூரிகளை அடைந்து, அங்கு வலைப்பந்தாட்டமாக உருமாறியது. இலங்கைப் பாடசாலைகளிற் பெண்களின் ஆட்டமாக வேரூன்றியதும் இவ்வுருவமே.

பிறந்த நாட்டிற் கூடைப்பந்தாட்டம் விரைவிலேயே பல்கலைக்கழகங்களின் பெருமைக்குரிய பொருளாயிற்று. அதனால் உயர்நிலைப் பாடசாலைகளில் ஆடும் இளைஞரைத் தேடிச்செல்லும் வழக்கமும் வளர்ந்தது. 1906இல் தோன்றிய கல்லூரி விளையாட்டுச் சங்கம் திறமைக்குப் பணம் கொடுப்பதை நெடுங்காலம் எதிர்த்து நின்று, ஈற்றில் 1956இல் விளையாட்டுத் திறனுக்காகவே புலமைப்பரிசில் வழங்க இணங்கியது. 1964இல் ஒப்பந்தக் கடித முறை ஏற்பட்டது. மாணவன் ஒருவன் அக்கடிதத்திற் கையொப்பமிட்டதும் ஏனைய கல்லூரிகள் அவனை நாடுவதை நிறுத்தவேண்டும் என்பது விதி. பயிற்றுநர்கள் பாடசாலைப் போட்டிகளுக்குச் சென்றனர். வீடு தேடிச்சென்று தாய் தந்தையருடன் பேசினர். கோடைகாலப் பயிற்சி முகாம்கள் எழுந்தன. வீரரைத் தரப்படுத்தும் அறிக்கைகளை அச்சிட்டுக் கல்லூரிகளுக்கு விற்போரும் 1960களில் தோன்றினர். கையொப்பமிட்டோர் பட்டியல் வெளிவந்த பின்னரும் எவராலும் அழைக்கப்படாது எஞ்சியிருக்கும் பிள்ளைகளை ஆராய்வோரும் இருந்தனர். அக்கடித முறை 60 ஆண்டுகள் நிலைத்து 2024இற் கைவிடப்பட்டது.

இத்தேடலின் நன்மையை ஒரு நிகழ்ச்சி தெளிவாகக் காட்டும். 1966இல் ரெக்சாஸ் வெஸ்ரேர்ண் கல்லூரியின் பயிற்றுநர் டொன் ஹஸ்கின்ஸ், நியூயோர்க், டெற்றோயிற் முதலிய தொலைதூர நகரங்களிலிருந்து அழைத்துவந்த கறுப்பின இளைஞர் ஐவரைத் தொடக்க அணியாக இறக்கி, வெள்ளையரை மட்டுமே கொண்டிருந்த கென்ரக்கி அணியை இறுதிப் போட்டியில் வென்றார். தென்புலத்துப் பெருங் கல்லூரிகள் பல கதவடைத்திருந்த காலம் அது. பிறர் காண மறுத்தோரைக் கண்டமையே அவ்வெற்றியின் அடிப்படை எனலாம்.

தமிழர் வாழும் பிரதேசங்களுக்கு இவ்வாட்டம் வந்த வழி வேறு. வந்த நோக்கமும் வேறு. ஸ்பிரிங்பீல்டிற் பயின்ற ஹரி குரோ பக் என்பார் 1920இல் சென்னையில் வை.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவினார். இலங்கையிலிருந்தும் ஆசிரியர்கள் அங்குச் சென்று பயின்று திரும்பினர். அவர்கள் வீரரைத் தெரிந்தெடுக்கும் முகவர்களல்லர். வகுப்பிலுள்ள எல்லாப் பிள்ளைகளையும் ஓடவும் ஆடவும் பழக்குவதே அவர்தம் கடமையாயிருந்தது.

கிழக்கிலங்கையில் இவ்வாட்டத்துக்கு உயிரூட்டியோர் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்து இயேசு சபைத் துறவியர். 1940களின் பிற்பகுதியில் அவர்கள் மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் வந்தனர். மட்டக்களப்பில் இன்றும் வெபர் அரங்கு என வழங்கும் மைதானம் அவர்களுள் ஒருவரான வெபர் அடிகளாரின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. 1948இல் வந்த ஹேபர்ட் அடிகளார் லூசியானா மாநிலத்தவர். திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியிலும் பின்னர் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் அவர் கற்பித்தார். 1873இல் தோன்றிய மிக்கேல் கல்லூரி, அவரது பயிற்சியில் அகில இலங்கை மட்டத்தில் வெற்றியீட்டும் கூடைப்பந்தாட்ட அணியை உருவாக்கியது. தலைநகரின் பெரிய பாடசாலைகளை, வாவிக்கரைப் பட்டினமொன்றின் பிள்ளைகள் வென்றமை அக்காலத்திற் சிறிய செய்தியன்று.

இங்கு மனங்கொள்ளத்தக்கது யாதெனின், ஹேபர்ட் அடிகளார் வீரரை வெளியிற் சென்று தேடினாரல்லர். தமது வகுப்பிலிருந்த பிள்ளையிடமே வீரனைக் கண்டார். மாலையிற் பந்தெறியப் பழக்கியவரே காலையிற் பாடமும் கற்பித்தார். பிற்காலத்தில் அவர் தொழில்நுட்பப் பயிற்சி நிலையமொன்றின் பொறுப்பையும் ஏற்று, இளைஞருக்குக் கைத்தொழில் கற்பித்தார். ஆட்டம் முடிந்த பின் இப்பிள்ளை எவ்வாறு வாழும் என்ற வினா அவரது பார்வையினின்றும் விலகவில்லை என்பதற்கு இதுவே சான்று.

பாடசாலையை விட்டதும் இவ்வீரர் எங்குச் சென்றனர்? அமெரிக்காவிற் பல்கலைக்கழகம் நின்ற இடத்தில் இலங்கையிற் பல்கலைக்கழகம் நிற்கவில்லை. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றிய காலந்தொட்டு அதன் வாயிலைத் திறந்தது பரீட்சைப் புள்ளியே. 1945இல் வந்த இலவசக் கல்வி அவ்வாயிலுக்குச் செல்லும் பாதையை ஏழைப் பிள்ளைக்கும் திறந்துவிட்டது. அது பெரும் பேறு. ஆயின் 1970களில் தரப்படுத்தலும் மாவட்ட அடிப்படையிலான அனுமதியும் வந்த பின், ஓரிரு புள்ளிகளே ஒரு குடும்பத்தின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் நிலை தமிழ் மாணவருக்கு ஏற்பட்டது. அந்நிலையில் மைதானத்திற் கழியும் மாலைப் பொழுதைப் பெற்றோர் இழப்பாகக் கருதியதில் வியப்பில்லை. 1978இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கீழ், விளையாட்டு முதலிய துறைகளிற் சிறப்புச் சாதனை படைத்தோருக்குச் சில இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. எனினும் உயர்தரப் பரீட்சையிற் சித்தியெய்திச் சான்றிதழுடன் விண்ணப்பிப்போரை ஏற்கும் முறையே அது. களத்துக்குச் சென்று காணும் முறை அன்று.

ஆகவே காணும் பணியை வங்கிகளும் வர்த்தக நிறுவனங்களும் முப்படைகளும் கழகங்களும் ஏற்றன. தொழிலொன்றைக் கொடுத்து அணியிற் சேர்ப்பது கொழும்பின் வழக்கமாயிற்று. இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டைத் துடுப்பாட்டத்திற் காணலாம். 1899இல் தொடங்கிய தமிழ் யூனியன் கழகத்தின் மைதானம், கொலன்னாவைக்கு அண்மையில், வனாத்தமுல்லையில் உள்ளது. பாக்கியசோதி சரவணமுத்துவின் பெயர் தாங்கிய அம்மைதானத்திலேயே 1982 பெப்ரவரியில் இலங்கை தனது முதலாவது டெஸ்ட் போட்டியை ஆடியது. கண்டி புனித அந்தோனியார் கல்லூரி மாணவரான முத்தையா முரளிதரன் தொடக்கத்தில் மிதவேகப் பந்து வீசியவர். பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோவின் அறிவுரையால் 14 வயதளவிற் சுழற்பந்துக்கு மாறினார். பாடசாலை விட்டதும் தமிழ் யூனியனிற் சேர்ந்து, 1992 ஓகஸ்டில் டெஸ்ட் களமிறங்கினார். 2010இல் ஓய்வுபெறும்போது அவர் வீழ்த்திய விக்கெட்டுகள் 800. ஓர் ஆசிரியரின் கண்ணும் ஒரு கழகத்தின் வாயிலும் அடுத்தடுத்து அமைந்தமையால் அவ்வீரர் உலகுக்குக் கிடைத்தார்.

கூடைப்பந்தாட்டத்திலும் இதே சங்கிலி வேண்டும். ஒரு கண்ணி அறுந்தாலும் பிள்ளை மறைந்துபோகும். கொட்டாஞ்சேனை புனித பெனடிக்ற் கல்லூரி போன்ற கூடைப்பந்தாட்ட மரபுடைய பாடசாலையிற் பயிலும் மாணவனைத் தலைநகரின் கண்கள் எளிதிற் காணும். அங்கிருந்து சில மைல் தொலைவிலுள்ள கொலன்னாவையின் தாழ்நிலக் குடியிருப்பொன்றில் வாழும் பிள்ளை அத்தகைய பாடசாலையொன்றை அடையாவிடின், அதே கண்களுக்கு அகப்படுவது அரிது. தூரம் மைல்களால் மட்டும் அளக்கப்படுவதன்று. தலைநகரின் எல்லையிலேயே நிலை இதுவாயின், வடக்கினதும் கிழக்கினதும் நிலையைக் கூற வேண்டியதில்லை.

1983இன் பின் விரிந்த போர் அச்சங்கிலியின் கண்ணிகளை ஒன்றன்பின் ஒன்றாக அறுத்தது. 1990ஆம் ஆண்டு இவ்வகையிற் கொடிய ஆண்டாகும். அவ்வாண்டில் யாழ்ப்பாணத்துக்கான புகையிரதம் நின்றது. அது மீண்டும் யாழ் நகரை அடைந்தது 2014இலேயே. வலிகாமம் வடக்கில் மக்கள் இடம்பெயர்ந்தபோது வசாவிளான் மத்திய கல்லூரியும் தன் நிலத்தை இழந்தது. அதே ஆண்டு ஓகஸ்ட் 15ஆந் திகதி, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பு நோக்கிப் புறப்பட்ட ஹேபர்ட் அடிகளாரும் உடன் சென்ற தமிழ் இளைஞரும் வழியிற் காணாமற் போயினர். இருவரும் திரும்பவில்லை. 40 ஆண்டுகளுக்கு மேலாகப் பிறர் பிள்ளைகளைக் கண்டு வளர்த்த ஒருவர், காணாமற் போனோர் வரிசையில் தாமும் ஒருவரானார்.

வசாவிளான் மத்திய கல்லூரியிற் பயின்றவர் தர்ஜினி சிவலிங்கம். 1979இற் பிறந்த அவர் 6 அடி 10 அங்குல உயரமுடையவர். உலக வலைப்பந்தாட்டத்தின் மிக உயர்ந்த வீராங்கனையாக அறியப்பட்டவர். அத்தகைய உயரமுள்ள சிறுமி சாதாரண காலத்தில், தொடர்வண்டி ஓடும் நாட்டில், தேசியத் தெரிவாளரின் கண்ணுக்குத் தப்பியிருத்தல் இயலாது. அவரோ பாடசாலைப் பருவம் கடந்து, கிழக்குப் பல்கலைக்கழகத்திற் பயின்று, கொழும்புக்கு வந்த பின்னரே தேசிய அரங்கில் நிலைபெற்றார். 2009இலும் 2018இலும் இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்றபோது அணியின் தூணாக விளங்கினார். 2011இன் பின் ஆஸ்திரேலியாவின் விக்ரோறியாவிற் கழக ஆட்டமும் ஆடினார். 2019இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில், 40 வயதில், மிகுதியான கோல்களை எய்தவரும் அவரே. இவ்வெற்றி பெருமிதத்துக்குரியது. அதே வேளை வரலாற்று மாணவருக்கு அது மற்றொரு வினாவையும் எழுப்புகின்றது. பலரும் நிமிர்ந்து பார்க்கும் உயரமுடைய ஒருவரே இத்துணை காலந்தாழ்த்திக் காணப்பட்டாரெனின், சாதாரண உயரமும் சிறந்த கைத்திறனும் உடைய பிள்ளைகள் எத்தனை பேர் அந்த ஆண்டுகளில் எவராலும் காணப்படாமலே களம் நீங்கியிருப்பர்?

எனினும் காணப்படுதல் மட்டுமே போதியதன்று. பஞ்சாபின் பல்லோ கே என்னும் சிற்றூரில் 1995இற் பிறந்த சத்னாம் சிங், லூதியானாவிலுள்ள கூடைப்பந்தாட்டப் பயிலகத்தில் ஆடியபோது தெரிவுசெய்யப்பட்டு, 2010இல் அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள பயிற்சிப் பாடசாலைக்கு அனுப்பப்பட்டார். ஆங்கிலம் அறியாத 14 வயதுச் சிறுவன் அவர். 2015இல் டலஸ் அணி அவரை 52ஆவது இடத்தில் தெரிவுசெய்தது. அமெரிக்கத் தொழில்முறைக் கூட்டமைப்பினாற் தெரிவுசெய்யப்பட்ட முதல் இந்தியப் பிரசை அவரே. ஆனால் கூட்டமைப்பின் முதன்மைப் பருவப் போட்டி ஒன்றிலேனும் ஆடும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகமொன்றிற் பயிலும் வாய்ப்பும் அமையவில்லை. சந்தையின் கண் கூர்மையானது. தொலைவையும் ஊடுருவ வல்லது. ஆயின் அது உயரத்தையும் தோள்வலியையும் காணும் அளவுக்கு, அவற்றை உடைய பிள்ளையின் முழு வாழ்வையும் காண்பதில்லை.

இவ்விரு வரலாறுகளையும் அருகருகே வைத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். அமெரிக்க முறையில் தேடல் உண்டு. ஆயின் தேடப்பட்டவர் பயன் தராதபோது கைவிடப்படுவதும் உண்டு. மட்டக்களப்பு மரபில் அரவணைப்பு இருந்தது. ஆயின் அது ஒரு பாடசாலையின் மதிலுக்குள், ஒரு மனிதரின் வாழ்நாளுக்குள் அடங்கியது. அவர் மறைந்ததும் அவரது இடத்தை நிரப்பும் நிறுவனம் எதுவும் இருக்கவில்லை. தேடிச்செல்லும் கண்ணும் பொறுப்பேற்கும் கரமும் ஒரே நிறுவனத்தில் ஒன்றுசேர்தலே வேண்டுவது. அதற்குத் தகுதியானது பல்கலைக்கழகம். ஏனெனில் பிள்ளையின் கால்கள் தளர்ந்த பின்னரும் அதற்குக் கொடுப்பதற்குக் கல்வி என்ற ஒன்று அதனிடம் உண்டு.

புகையிரதம் மீண்டும் ஓடுகின்றது, பாதைகள் திறந்துள்ளன. வசாவிளானிலும் வாழைச்சேனையிலும் கொலன்னாவையிலும் இன்றும் மாலை வேளைகளிற் பிள்ளைகள் பந்தெறிகின்றனர். அவர்களிற் பெரும்பாலோர் எவ்வணியிலும் சேரப்போவதில்லை, சேரவேண்டிய அவசியமுமில்லை. ஆனால் அவர்களுள் ஒருவர் பெரிய களத்துக்கு உரியவராயின், அதனை அறிந்துகொள்ள ஒருவரேனும் அம்முற்றத்தின் ஓரத்தில் நின்று பார்த்தல் வேண்டும். அவ்வாறு பார்ப்பவர் பந்து கூடையில் வீழ்வதை மட்டுமன்றி, அதை எறிந்த பிள்ளை அன்றிரவு எந்த வீட்டுக்குத் திரும்பிச் செல்கின்றது என்பதையும் கேட்டறிதல் வேண்டும்.