தோற்றுப்போன ஒரு வழக்கு

அமெரிக்காவின் நிறப்பாகுபாட்டு எதிர்ப்பு என்றால் நம் வயதுக்காரர்களுக்கு மார்ட்டின் லூதர் கிங்தான் நினைவுக்கு வருவார். பிரெஞ்சு வழியில் படித்த எனக்கோ, அவருக்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே பிரெஞ்சு பேசிய சிலர் நடத்திய ஒரு போராட்டத்தின் மீது தனிப் பற்று உண்டு.

லூசியானா மாநிலத்தின் நியூ ஆர்லியன்ஸ், நம் புதுச்சேரியைப் போல ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர். 1803இல் நெப்போலியன் அதை அமெரிக்காவுக்கு விற்றுவிட்டார். ஆனாலும் அங்கிருந்த கலப்பினக் குடும்பங்கள் பல வீட்டில் பிரெஞ்சே பேசின. 1890இல் மாநில அரசு, ரயிலில் வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனிப் பெட்டி என்று சட்டம் போட்டது. அதை எதிர்க்க மறு ஆண்டு 'கொமித்தே தே சித்வாயேன்', அதாவது குடிமக்கள் குழு, உருவானது. அதன் தூண்களில் ஒருவர் ரொதோல்ஃப் தெதூன். சுங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாக வேலை பார்த்தவர், நம் ஜாதி!

குழுவினர் கல்லெறியவில்லை. 1892 ஜூன் 7 அன்று ஓமேர் பிளெஸ்ஸி என்ற செருப்புத் தொழிலாளி முதல் வகுப்புச் சீட்டு வாங்கி வெள்ளையர் பெட்டியில் உட்கார்ந்தார். அவருடைய கொள்ளுத்தாத்தா கொள்ளுப்பாட்டிகள் எட்டுப் பேரில் ஒருவர்தான் கறுப்பர், பார்த்தால் தெரியாது. ஆகவே ரயில் கம்பெனிக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்கள். கூடுதல் பெட்டி செலவு என்பதால் கம்பெனிக்கும் அந்தச் சட்டம் பிடிக்கவில்லை. கைது செய்ய ஒரு தனியார் துப்பறிவாளரையும் குழுவே அமர்த்தியது. ஏன் தெரியுமா? வெறும் தகராறு வழக்காகப் போய்விடாமல், இந்தச் சட்டத்தின் கீழேயே வழக்குப் பதிவாக வேண்டும். கோப்பு பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

1896 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் 7க்கு 1 என்று அவர்களைத் தோற்கடித்தது. வசதி சமமாக இருந்தால் பிரித்து வைப்பது குற்றமில்லை என்றது. அதன் பிறகு தென் மாநிலங்களில் பள்ளி, ஆஸ்பத்திரி, குடிநீர்க் குழாய் எல்லாவற்றிலும் பிரிவினைக்கு அந்தத் தீர்ப்பே கவசமானது. பிளெஸ்ஸி 25 டாலர் அபராதம் கட்டினார். குழு கலைந்தது.

வழக்கே போடாமல் இருந்திருக்கலாமோ? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த ஒற்றை நீதிபதி ஹார்லன், அடிமைகளை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர். அரசியல் சட்டத்துக்கு நிறபேதம் கிடையாது என்று மாறுபட்ட தீர்ப்பை எழுதி வைத்தார். வழக்கு இல்லையென்றால் அந்த ஏடும் இல்லை. பின்னாளில் தர்குட் மார்ஷல் மனம் தளரும்போதெல்லாம் அதை உரக்கப் படிப்பார் என்று அவரோடு பணியாற்றிய வழக்கறிஞர் கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி சொல்லியிருக்கிறார்.

1954 மே 17 அன்று, நம் ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய அதே ஆண்டில், பள்ளிப் பிரிவினை செல்லாது என்ற தீர்ப்பை மார்ஷல் பெற்றார். ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரல். அடுத்து மான்ட்கோமரியில் மக்கள் 381 நாட்கள் பேருந்தில் ஏறாமல் நடந்தார்கள். கூடவே வழக்கும் நடந்தது. 1956இல் பேருந்துப் பிரிவினையும் ஒழிந்தது. காலும் காகிதமும் சேர்ந்து போன பாதையை முதலில் போட்டவர்கள் நியூ ஆர்லியன்ஸ்காரர்கள்.

பிளெஸ்ஸி 1925இல் இறந்தார். 2022இல்தான் லூசியானா ஆளுநர் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். எந்தத் தப்புக்கு என்று கேட்கத் தோன்றுகிறது.

தெதூன் தம் மக்களின் கதையைப் பிரெஞ்சிலேயே எழுதினார். 'நோஸ் ஓம் ஏ நோத்ர் இஸ்த்வார்' என்ற அந்த நூல் 1911இல் மான்ட்ரியலில் அச்சானது. பிரெஞ்சு மறக்காத நண்பர்கள் தேடிப் படியுங்கள்.