எர்த் வயரைக் கழட்டலாமா? ஒரு இரைச்சலின் வரலாறு

பசறையில் நண்பன் வீட்டில் நாங்கள் ஒரு மோஷன் சிமுலேட்டர் செய்தோம். பழைய வேன் சீட், கீழே இரண்டு வைப்பர் மோட்டார், முன்னால் கணினி. விளையாட்டில் கார் வளைந்தால் சீட்டும் சாயும். ஆனால் மோட்டார் அசைந்தாலே ஸ்பீக்கர் உறுமும், ஸ்டியரிங்கின் யூஎஸ்பி தொடர்பு அறுந்துபோகும். "எர்த் வயரைக் கழட்டி விடுங்கடா, சரியாகிடும்" என்றார் பக்கத்து வீட்டு அண்ணன். கழட்டினோம், சத்தம் குறைந்தது. பிறகு சீட்டின் இரும்பைத் தொட்டவனுக்கு விரல் சுரீரென்றது. அதற்குப் பிறகுதான் இந்தக் கதையைத் தேடிப் படித்தோம்.

1838இல் ஜெர்மனியில் ஸ்டைன்ஹைல் என்பவர் ரயில் தண்டவாளங்களையே தந்திக் கம்பிகளாக்கப் பார்த்தார். மின்சாரம் மண்ணுக்குள் கசிந்தது. அப்படியானால் திரும்பி வர மண்ணே போதுமே என்று அவருக்குப் பட்டது. அதன்பின் தந்திக்கு ஒரு கம்பி போதும் என்றானது, செலவும் மிச்சம்.

1876இல் தொலைபேசி வந்தது. அதுவும் ஒரு கம்பி, மிச்சம் மண் என்றே ஓடியது. ஆனால் தந்திக்குக் 'டக் டக்' கேட்டால் போதும், தொலைபேசிக்கோ துளி மின்சாரமும் சத்தம்தான். பக்கத்துக் கம்பியின் பேச்சும் அதில் கேட்டது. 1880களில் மின்சார டிராம்கள் வந்து, அவையும் தண்டவாளம் வழியாக மண்ணுக்குள் மின்சாரத்தை விட்டபோது தொலைபேசிகள் அலறின. வழக்கு நடந்தது. 1891இல் அமெரிக்காவின் ஒஹாயோ உச்ச நீதிமன்றம் டிராம் பக்கமே தீர்ப்புச் சொன்னது. தொலைபேசிக்காரர்களுக்கு மிஞ்சிய வழி, திரும்பி வரவும் சொந்தமாக ஒரு கம்பி போடுவது. அந்த இரண்டையும் முறுக்கிவிட்டால் வெளி இரைச்சல் இரண்டிலும் சமமாக ஏறி, ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். முறுக்கிய கம்பிக்கு பெல் 1881இலேயே காப்புரிமை எடுத்திருந்தார்.

எங்கள் சீட்டிலும் அதே கோளாறுதான். கணினி ஒரு பிளக்கில், மோட்டார் சப்ளை வேறொரு பிளக்கில். இரண்டின் எர்த்தையும் யூஎஸ்பி கேபிள் இணைத்து ஒரு வளையமாக்கியிருந்தது. மோட்டாரின் மின்சாரத்தில் ஒரு பங்கு அந்தக் கேபிள் வழியே திரும்பிக்கொண்டிருந்தது.

எர்த்தை மறுபடி மாட்டினோம். எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் போட்டோம். மோட்டாரின் இரண்டு வயர்களையும் முறுக்கி, யூஎஸ்பி கேபிளிலிருந்து தள்ளி, நேராகச் சப்ளைக்கே கொண்டுபோனோம். மோட்டார் முனைகளுக்குக் குறுக்கே சின்னக் கெப்பாசிட்டர் வைத்தோம். கடைசியில் ஒரு யூஎஸ்பி ஐசொலேட்டர். உறுமல் அடங்கிவிட்டது.

இதை ஏன் எழுதுகிறோம்? எங்கள் லயக் காம்பராக்களில் எர்த் ஓட்டையைப் பேனாவால் நெம்பி இரண்டு முள் பிளக்கைச் சொருகுவது சாதாரணம். எர்த் ஏதோ தேவையில்லாத மூன்றாவது வயர் என்று நினைக்கிறோம். இரும்பில் கரண்ட் இறங்கினால், யாரும் தொடுவதற்கு முன்பே ட்ரிப் சுவிட்சை விழவைப்பது அந்த வயர்தான். தொலைபேசிக்காரர்கள் சத்தத்துக்குத் தனிப்பாதை போட்டுக் கொடுத்தார்கள். நாமும் அதைத்தான் செய்ய வேண்டும். எர்த்தில் கை வைக்க வேண்டாம்.