கேட்டுச் செய்த உதவியும் கேட்காமல் செய்த உதவியும்



ஆஸ்திரேலியாவில் குடியேறிய நம் பிள்ளைகள் சிலர் போனில் பேசும்போது ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. "சார், இங்கே பழங்குடி மக்களுக்காக அரசாங்கம் எவ்வளவோ பணம் செலவு செய்கிறது. அப்புறமும் அவர்கள் ஏன் முன்னேறவில்லை?" கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை, தெரியாமல்தான் கேட்கிறார்கள். ஆனால் அங்கே ஓட்டுரிமை பெற்றவர்கள் இதைத் தெரிந்துகொள்ளாமல் இருக்கக் கூடாது. சமூக அறிவியல் நடத்தியவன் என்ற உரிமையில் மூன்று நிகழ்ச்சிகளைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

முதல் நிகழ்ச்சி 1966. நார்தர்ன் டெரிட்டரியில் வேவ் ஹில் என்று ஒரு மிகப் பெரிய மாட்டுப் பண்ணை. வெஸ்டி என்ற பிரிட்டிஷ் பிரபு குடும்பத்தின் நிறுவனம் நடத்தியது. அந்த நிலம் அதற்கு முன் குரிஞ்ஜி மக்களின் பூமி. (நம் குறிஞ்சித் திணைக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தம் இல்லை. யாராவது வாட்ஸ்அப்பில் கதை கட்டினால் நம்ப வேண்டாம்!) தங்கள் சொந்த மண்ணிலேயே அவர்கள் கூலிகளாக மாடு மேய்த்தார்கள். மாவு, தேயிலை, சர்க்கரை, இறைச்சி என்று படியளப்பார்கள். கையில் காசு மிகக் குறைவு. 1940களில் பெர்ன்ட் என்ற மானிடவியல் அறிஞர் தம்பதி இந்தப் பண்ணைகளுக்கு நேரில் போய், குடிசைகளின் கேட்டையும் போதாத சாப்பாட்டையும் எழுதி வைத்தார்கள்.

1966 மார்ச்சில் தொழில் தீர்ப்பாயம் பழங்குடித் தொழிலாளருக்கும் சமகூலி உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. ஆனால் அது 1968 டிசம்பரில்தான் நடைமுறைக்கு வருமாம்! ஆகஸ்ட் 23ஆம் தேதி வின்சென்ட் லிங்கியாரி என்பவர் தலைமையில் சுமார் 200 பேர், ஆண், பெண், குழந்தைகளோடு பண்ணையை விட்டு நடந்து வெளியேறினார்கள்.

கூலிக்கான வேலைநிறுத்தம் என்றுதான் வெளியில் எல்லோரும் நினைத்தார்கள். ஃபிராங்க் ஹார்டி என்ற எழுத்தாளர் அவர்களோடு உட்கார்ந்து பேசினார். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. அவர்கள் கேட்டது நிலம். 1967இல் வாட்டி ஓடைக் கரைக்குக் குடிபெயர்ந்து, நிலத்தைத் திருப்பித் தரும்படி கவர்னர் ஜெனரலுக்கு மனு எழுதினார்கள். மனு நிராகரிக்கப்பட்டது. ஆனாலும் அவர்கள் அங்கிருந்து அசையவில்லை.

9 ஆண்டுகள் கழிந்தன. 1975 ஆகஸ்ட் 16இல் பிரதமர் கஃப் விட்லம் நேரில் வந்து, ஒரு பிடி மண்ணை அள்ளி லிங்கியாரியின் உள்ளங்கையில் போட்டார். அந்தப் புகைப்படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். எடுத்த மெர்வின் பிஷப்பும் ஒரு பழங்குடிக்காரர்தான். அன்று கொடுக்கப்பட்ட 3,236 சதுர கிலோமீட்டரும் குத்தகையாகத்தான். முழு உரிமை 1986இல்தான் கிடைத்தது. என்றாலும் இந்தப் போராட்டம் தந்த உந்துதலில்தான் 1976ஆம் ஆண்டின் நிலவுரிமைச் சட்டம் பிறந்தது.

இரண்டாவது நிகழ்ச்சி 2000. ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரிலிருந்து மேற்கே 500 கிலோமீட்டருக்கு மேல் பாலைவனத்தில் கின்டோர் என்ற சிற்றூர். பின்டுபி மக்கள் வாழும் ஊர். சிறுநீரகம் பழுதானவர்கள் வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்ய ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கே குடிபோக வேண்டும். பேரப்பிள்ளைகளை விட்டு, சடங்குகளை விட்டு, தெரியாத ஊரில் தனியே காலம் தள்ள வேண்டும். நகரத்தில் சிகிச்சை இருக்கிறதே, வேறென்ன வேண்டும் என்று வெளியில் இருப்பவருக்குத் தோன்றும். அவர்கள் கேட்டது வீட்டுக்குத் திரும்பும் வழி.

அந்த வட்டார ஓவியர்கள் கூடி வரைந்த ஓவியங்கள் சிட்னியில் ஏலம் போயின. பத்து லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. அந்தப் பணத்தில் அவர்களே ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். 2004இல் கின்டோரில் டயாலிசிஸ் இயந்திரம் ஓடியது. அமைப்பின் பெயருக்கு அவர்கள் மொழியில் 'நம் குடும்பத்தார் எல்லோரையும் நலமாக்குவது' என்று பொருள். 'பர்ப்பிள் ஹவுஸ்' என்ற பெயரில் இன்று பல தொலைதூர ஊர்களில் அது டயாலிசிஸ் நடத்துகிறது.

மூன்றாவது நிகழ்ச்சி 2007. நார்தர்ன் டெரிட்டரி பழங்குடி ஊர்களில் குழந்தைகள் பாலியல் கொடுமைக்கு ஆளாவது பற்றி ஓர் அறிக்கை வந்தது. கொடுமை உண்மை, அவசரமும் உண்மை. அந்த அறிக்கையின் முதல் பரிந்துரையே, எந்தத் திட்டம் வகுத்தாலும் அந்த மக்களோடு உண்மையாகக் கலந்து பேசி வகுக்க வேண்டும் என்பதுதான்.

ஜூன் 21இல் ஹோவர்ட் அரசு 'அவசரத் தலையீடு' என்று அறிவித்தது. யாரிடமும் கலந்து பேசவில்லை. ராணுவத்தினர் ஊர்களுக்கு வந்தார்கள். 73 ஊர்களில் உதவித்தொகையில் பாதியை அரசே பிடித்து வைத்து, இன்ன பொருள்தான் வாங்கலாம் என்றது. இதற்காக இனப்பாகுபாட்டுத் தடைச் சட்டத்தையே நிறுத்தி வைத்தார்கள். விட்லம் மண்ணை அள்ளிக் கொடுத்த அதே 1975இல் வந்த சட்டம் அது! லிங்கியாரியின் மக்கள் வாழும் ஊர்களும் இந்தத் தலையீட்டுக்குள் வந்தன. சில பழங்குடிப் பெண்கள் இதை வரவேற்றார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அறிக்கை எழுதியவர்களே, இது நாங்கள் சொன்ன வழி அல்ல என்றார்கள். வேறு பெயரில் நீடித்து, 2022இல் அந்தச் சட்டம் முடிவுக்கு வந்தது.

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். பணம் மட்டும் போதும் என்றால் மூன்றாவது நிகழ்ச்சிதான் மற்ற இரண்டையும் விட நன்றாக முடிந்திருக்க வேண்டும். அதற்குத்தான் அரசாங்கம் தாராளமாகச் செலவு செய்தது. மற்ற இரண்டிலும் என்ன வேண்டும் என்று சொன்னவர்கள் அந்த மக்களே. முன்னின்று நடத்தியவர்களும் அவர்களே. நோயாளியிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்காமல் மருந்து எழுதினால் எப்படிக் குணமாகும்?

2020இல் ஆஸ்திரேலிய அரசுகள் முதல் முறையாகப் பழங்குடி அமைப்புகளோடு சேர்ந்து உட்கார்ந்து 'இடைவெளி குறைப்பு' ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. நல்ல தொடக்கம். பிறகு 2023 அக்டோபர் 14இல், நாடாளுமன்றத்துக்குப் பழங்குடி மக்களின் கருத்தைச் சொல்ல அரசமைப்பிலேயே ஓர் அமைப்பு வேண்டுமா என்று பொதுவாக்கெடுப்பு நடந்தது. நாட்டில் சுமார் 60 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். லிங்கியாரியின் பெயர் கொண்ட தொகுதியிலும் மொத்தத்தில் 'வேண்டாம்' என்பதே வென்றது. ஆனால் அதே தொகுதியின் தொலைதூரப் பழங்குடி ஊர்களில் பெருவாரியானவர்கள் 'வேண்டும்' என்றுதான் வாக்களித்தார்கள்.

அங்கிருக்கும் பிள்ளைகளே, நீங்கள் எப்படி ஓட்டுப் போட்டீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. இனி "இவர்கள் ஏன் முன்னேறவில்லை" என்று யாராவது உங்கள் எதிரில் சொன்னால், "அவர்களிடம் கேட்டுத்தான் செய்தார்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். உங்கள் ஊர்ப்பக்கம் பழங்குடி மக்களே நடத்தும் மருத்துவமனையோ பள்ளியோ இருந்தால், ஒருமுறை போய் அவர்கள் சொல்வதைக் கேட்டு வாருங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கும் எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்