வாயும் வயிறும் மனமும்: தமிழகத்தில் கருக்காலக் கவனிப்பு வளர்ந்த வரலாறு

தென்காசி மாவட்டத்துச் சுரண்டைப் பக்கம் கருவுற்ற பெண்ணை 'வாயும் வயிறுமா இருக்கா' என்பார்கள். அவளை ஏசக் கூடாது, அழவிடக் கூடாது என்றும் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். முன்னது சோற்றைப் பற்றிய பேச்சு. பின்னது மனத்தைப் பற்றியது. கடந்த எழுபது ஆண்டுகளில் அரசின் திட்டங்கள் முன்னதைப் படிப்படியாக எட்டிப் பிடித்தன. பின்னதற்கு ஆய்வுச் சான்றுகள் சேர்ந்த அளவுக்குத் திட்டங்களில் இடம் கிடைக்கவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பள்ளியிலிருந்து பின்னோக்கி

1956இல் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்து எட்டயபுரத்தில் காமராசர் மதிய உணவைத் தொடங்கியபோது, அரசின் கண்ணில் பட்டது பள்ளிக்கு வந்த பிள்ளை. அடுத்து வந்த திட்டங்கள் மொத்தத்தில் வயதில் பின்னோக்கி நகர்ந்தன. மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் முன்னோட்டம் பார்க்கப்பட்டு 1980இல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், 6 முதல் 36 மாதக் குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டது. 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு சிற்றூர்களின் பள்ளி செல்லா மழலைகளையும் சேர்த்துக்கொண்டது. 1987இல் டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதியுதவி தாயிடம் வந்தது. அத்தொகை 2006இல் 6,000, 2011இல் 12,000, 2018இல் 18,000 ரூபாய் என உயர்ந்தது. 2007இல் கர்ப்பகாலச் சர்க்கரை நோய்க்கான பரிசோதனை எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் உரியதாயிற்று. இதற்கு மருத்துவர் வீ. சேஷய்யாவின் நெடுநாள் முயற்சி பின்னணியில் இருந்தது. பள்ளி வாசலில் தொடங்கிய கவனிப்பு அரை நூற்றாண்டில் கருவறையை எட்டியிருந்தது.

எடை சொல்லாதது

இதே காலத்தில் அறிவியலும் பின்னோக்கியே நகர்ந்தது. இங்கிலாந்தின் டேவிட் பார்க்கர் 1980களில் பழைய பிறப்புப் பதிவேடுகளைப் புரட்டி, எடை குறைந்து பிறந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இதயநோய் மிகுதி என்று காட்டினார். மைசூரின் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் 1934 முதல் காக்கப்பட்ட பதிவேடுகள் இத்தகைய ஆய்வுக்கு இந்தியாவில் வழி திறந்தன.

ஆனால் எடை முழுக் கதையையும் சொல்லிவிடவில்லை. 1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்து பட்டினியில் தவித்தபோது, கருவின் முதல் மூன்று மாதங்களில் அதற்கு ஆளானவர்கள் ஏறக்குறைய இயல்பான எடையோடுதான் பிறந்தார்கள். ஆனால் வளர்ந்தபின் அவர்களிடம் இதயநோய் மிகுதியாகக் காணப்பட்டது. புணேயில் சி.எஸ். யாஜ்னிக் குழுவினர் அளந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ; இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. புணேக் குழந்தையின் உடலில் தசை குறைந்திருந்தது, கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. தராசு முள் இந்த வேறுபாட்டைக் காட்டாது.

உளைச்சல் செல்லும் வழி

தாயின் உளைச்சலையும் தராசு காட்டாது. உளைச்சலில் சுரக்கும் கார்டிசோலின் பெரும்பகுதியை நஞ்சுக்கொடியில் உள்ள ஒரு நொதி செயலிழக்கச் செய்து கருவைக் காக்கிறது. நீடித்த உளைச்சலும் சத்துக்குறைவும் இந்தக் காவலைத் தளர்த்தக்கூடும் என ஆய்வுகள் கூறுகின்றன. அப்போது குழந்தையின் உடல் உளைச்சலை எதிர்கொள்ளும் முறையே மாறக்கூடும்.

தமிழ்நாட்டுச் சான்று வேலூரை அடுத்த கணியம்பாடி ஒன்றியத்திலிருந்து 2002இல் வந்தது. நிறைமாதத்தை நெருங்கிய பெண்களைப் பேறுகாலத்துக்குப் பிறகும் பின்தொடர்ந்தபோது, 11 விழுக்காட்டினரிடம் புதிதாக மனச்சோர்வு தெரிந்தது. குறைந்த வருமானம், ஆண் பிள்ளையை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் பிணக்கு, கைக்கு உதவி ஆளில்லாமை ஆகியவை அதனோடு சேர்ந்திருந்தன. தாயின் மனச்சோர்வுக்கும் குழந்தையின் ஊட்டக்குறைவுக்கும் உள்ள தொடர்பை 2004இல் வேலூர் வட்டார ஆய்வு ஒன்று காட்டியது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு அழைத்துப்போகும் வழக்கத்தை கணியம்பாடிப் பட்டியலின் அருகில் வைத்துப் பார்க்கலாம். உதவிக்கு ஆளில்லாத குறையையும் மாமியார் வீட்டுப் பிணக்கையும் அது சில மாதங்களுக்காவது தள்ளிவைக்கிறது.

பீடித்தட்டும் சட்டமும்

சுரண்டை, பாவூர்சத்திரம், ஆலங்குளம் பகுதிகளில் இந்த வரலாறு பீடித்தட்டின் முன் வந்து நிற்கிறது. இலையையும் தூளையும் வாங்கிவந்து வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றும் பெண்ணுக்குக் கூலி எண்ணிக்கைக்குத்தான். கர்ப்பத்தில் ஓய்ந்தால் கூலியும் ஓயும். 1966ஆம் ஆண்டின் பீடித் தொழிலாளர் சட்டம் மகப்பேற்றுப் பயனை வீட்டில் வேலை செய்வோருக்கும் நீட்டித்தது. குழந்தைகள் காப்பகத்தையோ தொழிற்கூடத்தோடு மட்டும் பிணைத்தது. திண்ணையில் சுற்றுபவளுக்குக் காப்பகம் இல்லை. புகையிலைத் தூள் பறக்கும் அந்தத் திண்ணையில்தான் கைக்குழந்தையும் கிடக்கிறது.

எனவே அடுத்த அடி எங்கே வைக்கப்பட வேண்டும் என்பதில் ஐயமில்லை. மாதாந்திரப் பரிசோதனையில் எடை, இரத்தம், சர்க்கரை பார்க்கும் செவிலியர், 'தூக்கம் வருதா? வீட்ல ஒத்தாசைக்கு யாரு இருக்கா? எத்தனை பீடி சுத்துற?' என்ற மூன்று கேள்விகளையும் கேட்டுப் பதிவேட்டில் எழுத வேண்டும். கணியம்பாடி ஆய்வு காட்டிய கூறுகளில் பெரும்பாலானவை இப்படிக் கேட்டால் மட்டுமே தெரியவருபவை.