நேட்டால் ஒப்பந்தக் கூலிகள்: வட ஆர்க்காடு

1860 முதல் 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்திலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஏற்றிச் செல்லப்பட்ட தொழிலாளர்கள். இன்று தோல் தொழிலுக்குப் பேர்போன வேலூர், ஆம்பூர் வட்டாரம் அன்று இம்மாவட்டத்தில் இருந்தது. சித்தூரும் அதில் அடங்கியிருந்தது.

பிரித்தானியப் பேரரசின் அடிமை ஒழிப்பு 1834இல் நடப்புக்கு வந்தபோது இந்தியா அதில் சேர்க்கப்படவில்லை. 1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம், அடிமை மீது உரிமை கோரும் வழக்கை நீதிமன்றம் ஏற்காது என்று சொன்னது. அடிமையை வாங்குவதும் விற்பதும் குற்றமாக, 1862இல் இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வரவேண்டியிருந்தது. இத்தனைக்குப் பிறகும் கடனுக்கும் கூலி நெல்லுக்கும் கட்டுண்ட படியாட்கள், பெரும்பாலும் பறையர், நிலக்காரரின் பிடியிலேயே இருந்தனர். தாது வருஷப் பஞ்சம் (1876–78) பலரை ஊரைவிட்டே துரத்தியது. அடிமைகள் விட்டுப்போன தோட்டங்களுக்கு ஆள் தேடிய உலகம் இவர்களுக்காகக் காத்திருந்தது.

நேட்டால் பயணம் பஞ்சத்துக்கு முன்பே தொடங்கியிருந்தது. சென்னையிலிருந்து சென்ற முதல் கப்பலான ‘ட்ரூரோ’ 342 பேருடன் 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண். அதையடுத்துப் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடலிலுள்ள தழும்பு. ஒப்பந்தம் 5 ஆண்டு; முதலாண்டுச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங். அனுமதிச் சீட்டின்றித் தோட்டத்தைவிட்டு வெளியேறினால் சிறை. பெயர்தான் ஒப்பந்தம், நடந்தது அடிமை முறையே. 1894இல் முதலாளி அடித்துப் பல் உடைந்த பாலசுந்தரம் என்ற ஒப்பந்தக் கூலி, தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி காந்தியிடம் வந்து நின்றார்.

சமய வாழ்வை இவர்கள் தாங்களே கட்டியெழுப்பினர். தோட்டங்களில் மாரியம்மன் கோயில்கள் எழுந்தன. டர்பனை அடுத்த இசிப்பிங்கோவின் மாரியம்மனுக்குப் புனித வெள்ளியன்று திருவிழா எடுப்பது, கிறிஸ்தவ அரசு அன்று விடுமுறை விட்டதால் வந்த வழக்கம். தமிழகக் கிராமங்கள் சிலவற்றில் அல்லாசாமி பண்டிகை என்று இந்துக்களும் கொண்டாடிய மொகரம், நேட்டாலில் எல்லாச் சாதியாரும் கூடும் ஊர்வலமாயிற்று. வெள்ளையர் அதைக் ‘கூலி கிறிஸ்துமஸ்’ என்றனர். டர்பனில் 1894இல் மறைந்த முஸ்லிம் ஞானி பாதுஷா பீர், ட்ரூரோவில் வந்த ஆர்க்காட்டுக் கூலி என்பது மரபு. 1895இல் வந்த சூஃபி சாகிப் என்ற ஞானி அவரது அடக்கத்தலத்தை அடையாளம் காட்டினார். இன்றும் அங்கு இந்துக்களும் வேண்டிக்கொள்கின்றனர். ஏட்டில் பிரித்தெழுதிய சாதிகளை இந்தத் திருவிழாக்கள் ஒன்றாக நடக்கவைத்தன என்பது வரலாற்றில் இவர்களுக்குரிய பெருமை.

இந்தியாவிலிருந்து நேட்டாலுக்கு மொத்தம் சென்ற 1,52,184 பேரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னை வழியாகச் சென்றவர்கள். 1911 ஜூலையில் இந்திய அரசு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. இவர்களின் வழித்தோன்றல்கள் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுகின்றனர். மூதாதையரின் ஊரைக் கப்பல் பட்டியல்களில் தேடி வருகின்றனர்.